வழுக்கைக்குத் தலையில் பூசும் ஆன்டிபயாடிக்: சோதித்துப் பார்ப்பதில் பொருள் உண்டா?

நெற்றிக்கோடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் முப்பதுகளிலேயே உச்சந்தலை தெரியத் தொடங்கிவிட்டது. எனக்கும் நெற்றியின் இரு ஓரங்களில் முடி பின்வாங்கி, சுழியைச் சுற்றி மெலிந்திருக்கிறது. வழுக்கையின் கட்டங்களைக் குறிக்கும் நார்வுட் அளவுகோலில் மூன்றாம் நிலை, உச்சி வகை என்று தோல் மருத்துவர் குறித்துக் கொடுத்தார். ஓராண்டுக்கு மேலாக வழுக்கைக்குப் பூசும் மருந்தான 5 சதவீத மினாக்சிடிலைப் பூசி வருகிறேன். புதிதாகப் பெரிய வளர்ச்சி இல்லை என்றாலும் இழப்பு ஓரளவு நின்றிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் உச்சியில் சிறு சிறு சீழ்க்கொப்புளங்கள் வந்தன. மயிர்க்கால் அழற்சி என்று சொல்லி, மருத்துவர் 1 சதவீத கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் லோஷன் எழுதிக் கொடுத்தார். கொப்புளங்கள் அடங்கின. அதோடு, சீப்பில் வரும் முடியும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தது. அதன் பிறகு தேடிப் படித்தபோது, ராக்ஸித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக்கை மரபு வழுக்கைக்குத் தலையில் பூசிப் பார்த்த ஜப்பானிய ஆய்வொன்று 2009ஆம் ஆண்டில் வெளியானது தெரிந்தது.

என் ஐயம் இதுதான். வழுக்கையில் பாக்டீரியாவுக்கும் ஒரு பங்கு இருக்குமானால், அதைக் கொல்லும் மருந்தை முறையாகச் சோதித்துப் பார்க்க ஏன் யாரும் முனைவதில்லை? நானே உச்சியின் வலப்பக்கம் மட்டும் கிளிண்டாமைசினைப் பூசி, இடப்பக்கத்தை விட்டுவிட்டு, படம் எடுத்து ஒப்பிட்டால் ஏதாவது விளங்குமா? ராக்ஸித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்து மினாக்சிடிலோடு கலந்துகொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அதைப் பற்றியும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தோல்நலம் (தோல் மருத்துவர்)

உங்களுக்கு இரண்டு தனித்தனி நிகழ்வுகள் ஒரே தலையில் ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன என்பதே என் கணிப்பு. மயிர்க்கால்களைச் சுற்றி அழற்சி இருக்கும்போது, வளரும் கட்டத்தில் இருக்கும் முடிகளில் ஒரு பகுதி முன்கூட்டியே ஓய்வுக் கட்டத்துக்குப் போய், ஏறத்தாழ மூன்று மாதங்களில் உதிரும். அழற்சி அடங்கினால் அந்த உதிர்வும் அடங்கும். மரபு வழுக்கை வேறு வகையானது. அங்கே டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டி.ஹெச்.டி. என்ற ஹார்மோன், அதற்கு மரபுவழியாக உணர்திறன் கொண்ட மயிர்க்கால்களை ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே போகிறது. தடித்த முடி மெல்லியதாகி, பூனைமயிராகி, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. சீப்பில் வரும் முடியின் எண்ணிக்கை முதல் நிகழ்வைத்தான் காட்டும். இரண்டாவதைப் பற்றி அது ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது.

ஆனாலும் உங்கள் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மரபு வழுக்கைக்கு அழற்சியே கிடையாது என்று நாங்கள் படித்த காலம் ஒன்று இருந்தது. 1993இல் டேவிட் வைட்டிங் என்ற அமெரிக்க மருத்துவர் தலைத்தோல் துணுக்குகளைக் குறுக்காக வெட்டிப் பார்த்தபோது, மரபு வழுக்கை உடையவர்களில் சுமார் 40 சதவீதத்தினரிடம் மயிர்க்கால்களைச் சுற்றி மிதமான அழற்சியைக் கண்டார். இயல்பான தலைகளில் அது சுமார் 10 சதவீதமாக இருந்தது. சிலர் இதை நுண்ணழற்சி என்று அழைக்கிறார்கள். சீழோ சிவப்போ இல்லாததால் வெறும் கண்ணுக்கு அது தெரியாது. இதைத் தூண்டுவது எது என்ற இடத்தில்தான் பாக்டீரியாவின் பெயர் வருகிறது. முகப்பருவோடு நாம் சேர்த்துப் பேசும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ் மயிர்க்காலின் எண்ணெய்ச் சுரப்பி அருகே குடியிருக்கிறது. அது போர்ஃபைரின் என்ற பொருளை வெளியிடுகிறது. அது உடலின் எதிர்ப்பு அமைப்பைச் சீண்டக்கூடும் என்பது கருதுகோள். சுருங்கிய மயிர்க்கால்களின் நடுப்பகுதியில் இந்தப் பாக்டீரியா கூடுதலாக இருப்பதாக 2019இல் ஓர் ஆய்வும் வந்தது.

கூடுதலாக இருப்பதும் காரணமாக இருப்பதும் ஒன்றல்ல. மயிர்க்கால் சுருங்கும்போது எண்ணெய்ச் சுரப்பி அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. எண்ணெய் மிகுந்த இடத்தில் இந்தப் பாக்டீரியா செழிக்கத்தான் செய்யும். எனவே அது வழுக்கையின் விளைவாகவும் இருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்க இயற்கையே ஒரு சோதனையைச் செய்து வைத்திருக்கிறது. பருவமடையும் முன்னரே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இல் எழுதினார். அவர்களுக்கு எண்ணெய்ச் சுரப்பும் குறைவு என்பதால், பாக்டீரியாவுக்கு உணவு இல்லாததால்தான் வழுக்கை விழவில்லை என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் டொமினிக்கன் குடியரசில், டி.ஹெச்.டி.யை உருவாக்கும் நொதியின் இரண்டாம் வகை பிறவியிலேயே குறைபட்ட ஆண்கள் இருக்கிறார்கள். 1974இல் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் அவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு பிறகு வழுக்கைக்கு உண்ணும் ஃபினாஸ்டரைடு மருந்து உருவாகவே வழிவகுத்தது. அந்த ஆண்களின் தோலில் எண்ணெய்ச் சுரப்பு மற்ற ஆண்களுக்கு இணையாக இருப்பதை அதே ஆய்வாளர்கள் 1993இல் அளந்து காட்டினார்கள். எண்ணெய் இருக்கிறது, அதை உண்ணும் பாக்டீரியா வாழத் தடை ஏதும் இல்லை, வழுக்கை மட்டும் இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றே போதும்: ஹார்மோன்தான் தலைவன், பாக்டீரியா இருந்தாலும் உடன்வந்த ஆள்தான். உடன்வந்த ஆளும் அடிக்கிற அடியில் ஒன்றிரண்டைச் சேர்த்துப் போடலாம் என்பதை நான் மறுக்கவில்லை. சோதிக்க வேண்டியது அந்தக் கூடுதல் அடியின் அளவைத்தான்.

மருந்தாளுநர்

மருத்துவர் சொன்னதற்குப் பிறகு நான் மருந்தின் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் படித்த ஜப்பானிய ஆய்வை ஆன்டிபயாடிக் ஆய்வு என்று சொல்வதே சற்றுத் தவறான திசைக்கு அழைத்துச் செல்லும். அவர்கள் பாக்டீரியாவைத் துரத்தவில்லை. இன்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிச் செய்தி மயிர்க்காலை வளரும் கட்டத்திலிருந்து பின்னடைவுக் கட்டத்துக்குத் தள்ளுவதை ராக்ஸித்ரோமைசின் தடுக்கிறதா என்று எலியின் மயிர்க்கால்களிலும் மனித மயிர்க்கால்களிலும் பார்த்தார்கள். தடுக்கிறது என்று கண்டு, அதன் பிறகே மனிதத் தலையில் 0.5 சதவீதக் கரைசலை முன்னோட்ட அளவில் பூசிப் பார்த்தார்கள். நம்பிக்கை தரும் முடிவு என்று எழுதினார்கள். முன்னோட்டம் என்பதால் அதை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்லிவிட முடியாது.

இப்படி ஒரு சிந்தனை ஜப்பானில் எழுந்ததற்குப் பின்னணி உண்டு. நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்களைத் தாக்கும் பரவல் பான்பிராங்கியோலைட்டிஸ் என்ற நோய் அங்கே பலரைக் கொன்றுகொண்டிருந்தது. 1980களில் ஷோஜி குடோ என்ற மருத்துவர், குறைந்த அளவு எரித்ரோமைசினைப் பல மாதங்கள் தொடர்ந்து கொடுத்தால் நோயாளிகள் தேறுவதைக் கண்டறிந்தார். அந்த நுரையீரல்களில் குடியேறியிருந்த சூடோமோனாஸ் என்ற கிருமியை எரித்ரோமைசின் அந்த அளவில் கொல்லவே கொல்லாது. ஆனாலும் நோயாளிகள் பிழைத்தார்கள். எரித்ரோமைசின், ராக்ஸித்ரோமைசின் முதலான மேக்ரோலைடு வகை மருந்துகளுக்குக் கிருமிகளைக் கொல்வதைத் தாண்டி அழற்சியைத் தணிக்கும் இன்னொரு முகம் உண்டு என்பது அங்கேதான் உறுதிப்பட்டது. டாக்சிசைக்ளினும் இத்தகையதே. முகச் சிவப்பு நோயான ரோசேஷியாவுக்குக் கிருமிகளைத் தொடாத 40 மில்லிகிராம் அளவில் அது 2006 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கிளிண்டாமைசின் உங்களுக்குக் கேட்டது என்பதை வைத்து ராக்ஸித்ரோமைசினைப் பற்றி ஒன்றும் முடிவு கட்ட முடியாது. இரண்டையும் எடுத்துக்கொள்ளும் காரணங்களே வேறு.

இனி மாத்திரையைப் பொடிப்பது. ராக்ஸித்ரோமைசினின் மூலக்கூறு எடை சுமார் 837 டால்டன். தோலின் மேலடுக்கைத் தாண்டுவதற்கு 500 டால்டன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு; மினாக்சிடில் வெறும் 209. வரம்பைத் தாண்டிய எல்லாமே வெளியே நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. மயிர்க்காலின் வாய் வழியே சிறிதளவு இறங்கக்கூடும். 804 டால்டன் எடையுள்ள டாக்ரோலிமஸ் களிம்பு, கரப்பான் என்ற தோல்நோய் வந்து பழுதுபட்ட தோலில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் உங்கள் வழுக்கைத் தோல் பழுதுபடாத தோல். அங்கே எவ்வளவு இறங்கும் என்பது கரைசலின் செய்முறையைப் பொறுத்தது. ராக்ஸித்ரோமைசின் நீரில் ஏறக்குறைய கரையாது, சாராயத்தில் கரையும். மாத்திரையில் இருக்கும் மாவும் பூச்சும் பிணைப்புப் பொருளும் கரையாமல் புட்டியின் அடியில் தங்கும். ஒவ்வொரு முறை குலுக்கும்போதும் எவ்வளவு மருந்து தலைக்குப் போகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மினாக்சிடிலும் தன் கரைசலில் நிறைவு நிலைக்கு அருகில்தான் கரைந்திருக்கிறது. அதில் வேறொன்றைக் கொட்டினால் படிகமாகப் பிரிந்து, உள்ளே போகாமல் தலையில் வெள்ளைத் தூளாக உதிரும். நண்பரின் யோசனையால் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தும் கெட்டுப்போகும்.

எண்ணும்எழுத்தும் (புள்ளியியல்)

மருத்துவ ஆய்வுகளின் கணக்குப் பக்கத்தில் வேலை செய்பவன் என்ற முறையில், வலப்பக்கம் மட்டும் பூசிப் பார்க்கும் திட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். பாதித்தலைச் சோதனை என்ற எண்ணம் கேட்க அழகாக இருக்கும். ஆனால் உச்சந்தலையின் இரு பக்கங்களும் இரு தோள்கள்போல் விலகி இருப்பதில்லை. சுழியின் இரு பக்கத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிகூடக் கிடையாது. திரவம் வழியும், தலையணையில் ஒற்றும், எண்ணெய் தேய்க்கும்போது பரவும். அதைவிட முக்கியம், சுழியில் முடி ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்வதால் இரு பக்கமும் தொடக்கத்திலேயே சமமாக இராது. எந்தப் பக்கம் மருந்து என்பது உங்களுக்கே தெரியும் என்பதால் படத்தைப் பார்க்கும் கண்ணும் நடுநிலையோடு இராது. வெளிச்சத்தின் கோணமும் முடியின் ஈரமும் மாறினாலே உச்சி அடர்த்தியாகவோ மெலிந்தோ தெரியும்.

ஆய்வுகளில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மெலிந்த பகுதியின் விளிம்பில் ஒரு சிறு பச்சைப்புள்ளி குத்துவார்கள். ஒவ்வொரு வருகையிலும் அதை மையமாக வைத்து, ஒரு சதுர செ.மீ. அளவில் முடியை ஏறத்தாழ ஒரு மி.மீ. நீளத்துக்குக் கத்தரித்துப் பெரிதாக்கிப் படமெடுப்பார்கள். மருந்து யாருக்கு, வெறும் கரைசல் யாருக்கு என்று அறியாத ஒருவர் அந்தப் படத்தில் முடிகளை எண்ணுவார். இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம், தேடும் வித்தியாசம் மிகச் சிறியது. மினாக்சிடிலின் புகழ்பெற்ற ஆய்வு 2002இல் வெளிவந்தது; 393 ஆண்கள், 48 வாரங்கள். 5 சதவீதக் கரைசல் பூசியவர்களுக்கு ஒரு சதுர செ.மீ.க்கு சராசரியாக 18.6 முடிகள் கூடின. 2 சதவீதத்துக்கு 12.7, மருந்தே இல்லாத வெறும் கரைசலுக்கு 3.9. கடைசி எண்ணைக் கவனியுங்கள். மருந்தே இல்லாத கரைசலைப் பூசியவர்களுக்கும் முடி கூடியிருக்கிறது. ஆன்டிபயாடிக் தரக்கூடிய கூடுதல் பயன், அது இருந்தாலும், இந்த 3.9க்குப் பக்கத்திலேயே எங்கேயாவது இருக்கும் என்றுதான் நான் எதிர்பார்ப்பேன். ஒரு தலையை வைத்து அதைப் பிரித்தறிய முடியாது.

பருவமும் குறுக்கே வரும். மிதவெப்ப நாடுகளில் கோடை முடிவில் உதிர்வு கூடுவது பதிவாகியிருக்கிறது. எனவே ஆறு மாதச் சோதனை எந்த மாதத்தில் தொடங்கியது என்பதைப் பொறுத்தே நல்ல பெயரோ கெட்ட பெயரோ வாங்கிவிடும். குறைந்தது ஓராண்டாவது வேண்டும்.

யாரும் சோதிப்பதில்லை என்று நீங்கள் எழுதியது முழுக்கச் சரியில்லை. கிருமியை அடக்கும் பொருள்களை ஆன்டிபயாடிக் என்ற பெயர் இல்லாமல் சோதித்திருக்கிறார்கள். பொடுகு ஷாம்பூவில் வரும் 1 சதவீத ஜிங்க் பைரிதியோனை 200 ஆண்களிடம் 26 வாரங்கள் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். முடி எண்ணிக்கை கூடியது. ஆனால் 5 சதவீத மினாக்சிடில் தந்த உயர்வில் பாதிக்கும் சற்றுக் குறைவு. பெல்ஜியத்தில் 1998இல் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவைப் பற்றியும் இதே திசையில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. இரண்டிலும் கேள்வி ஒன்று தொங்கி நிற்கிறது: பூஞ்சையும் பாக்டீரியாவும் குறைந்ததால் முடி கூடியதா, அழற்சி தணிந்ததாலா, வேறு வழியிலா? நான் ஓர் ஆய்வைத் திட்டமிட்டால் வெறும் கரைசல் ஓர் அணி, ராக்ஸித்ரோமைசின் ஓர் அணி என்பதோடு நிறுத்த மாட்டேன். கிருமியைக் கொன்றாலும் அழற்சியைத் தணிக்கும் பெயர் இல்லாத ஓர் ஆன்டிபயாடிக்கை மூன்றாவது அணியாக வைப்பேன். மூன்றாவது அணி வெறும் கரைசலோடு ஒட்டி நின்று, ராக்ஸித்ரோமைசின் மட்டும் விலகினால், பாக்டீரியா கதையை மூடிவிடலாம். அணிகளைப் பிரிக்கும்போது ஃபினாஸ்டரைடு உண்பவர்களையும் உண்ணாதவர்களையும் தனித்தனியே சமமாகப் பங்கிட வேண்டும். தொடக்கத்திலேயே எல்லோரிடமும் ஒரு தோல் துணுக்கு எடுத்து, மருத்துவர் மேலே சொன்ன அந்த 40 சதவீதத்தில் வருபவர் யார் என்றும் குறித்துக்கொள்வேன். பயன் இருந்தால் அவர்களிடம்தான் இருக்கும். எல்லோரையும் ஒன்றாகக் கலந்தால் அது சராசரியில் கரைந்துபோகும்.

நெற்றிக்கோடு

மூவருக்கும் நன்றி. மாத்திரை யோசனையைக் கைவிட்டுவிட்டேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கிளிண்டாமைசின் லோஷன் புட்டியில் பாதி மீதம் இருக்கிறது. சோதனை என்று இல்லாவிட்டாலும், கொப்புளம் திரும்ப வராமல் இருக்க மினாக்சிடிலோடு அதையும் தொடர்ந்து பூசிக்கொண்டே இருந்தால் தீங்கு என்ன?

தோல்நலம் (தோல் மருத்துவர்)

தீங்கு உங்கள் தலையோடு நிற்காது என்பதுதான் தொல்லை. முகப்பருவுக்குக் கிளிண்டாமைசினையோ எரித்ரோமைசினையோ தனியாக நீண்டநாள் பூசக்கூடாது என்று எல்லா வழிகாட்டுதல்களும் சொல்வதற்குக் காரணம், சில மாதங்களிலேயே தோலில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிடுவதுதான். கியூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ் மட்டும் இல்லை, அருகில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ்களும் அப்படி மாறுகின்றன. சிகிச்சை பெறுபவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களின் தோலிலும் அவை காணப்பட்டிருக்கின்றன. கிளிண்டாமைசினும் மேக்ரோலைடுகளும் கிருமியின் ரைபோசோமில் (புரதம் உருவாக்கும் உறுப்பில்) ஒரே இடத்தைப் பற்றுவதால், ஒன்றுக்கு அடங்காத கிருமி பல நேரம் மற்றதற்கும் அடங்காது. நாளை உங்களுக்கோ வீட்டில் ஒரு குழந்தைக்கோ உண்மையான தோல் தொற்று வரும்போது, தேவைப்படும் மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

முகத்துக்கு இதற்கொரு மாற்று வைத்திருக்கிறோம். கிளிண்டாமைசினோடு பென்சாயில் பெராக்சைடைச் சேர்த்துக் கொடுப்போம். அதற்கு எதிர்ப்பு உருவாவதில்லை. தலைக்கு அது ஒத்துவராது. தலையணை உறையில் பட்டால் வெளுத்த திட்டு விழும். கறுத்த முடியில் பட்டால் செம்பட்டையாகிவிடும்.

வழுக்கைக்கு ஆன்டிபயாடிக்கைச் சிகிச்சையாக வைப்பதில் எனக்கு இருக்கும் தயக்கமும் இதுதான். தொற்றுக்குக் கொடுக்கும் மருந்துக்கு ஒரு முடிவுநாள் உண்டு. வழுக்கைக்குக் கொடுத்தால் மினாக்சிடில்போல அதையும் ஆண்டுக்கணக்கில் பூச வேண்டும். ராக்ஸித்ரோமைசின் ஆய்வு பெரிய அளவில் செய்யப்பட்டு வெற்றியே பெற்றாலும், அதன் பயன் அழற்சி தணிப்பில் இருந்து வருமானால், கிருமியைக் கொல்லும் பகுதியைக் கழற்றிவிட்டு மீதியை மட்டும் மருந்தாக்குவதே முறை. இது வெறும் கற்பனை இல்லை. ஜப்பானின் கிட்டசாட்டோ நிறுவன ஆய்வாளர்கள் எரித்ரோமைசினிலிருந்து கிருமியைக் கொல்லாத, ஆனால் அழற்சியைத் தணிக்கும் மூலக்கூறுகளை, இ.எம். 703 போன்றவற்றை, நுரையீரல் நோய்களை மனத்தில் வைத்து உருவாக்கியிருக்கிறார்கள். தலைமுடி ஆய்வாளர்கள் அங்கே எட்டிப்பார்ப்பது ஆன்டிபயாடிக் புட்டியைத் திறப்பதைவிட நல்லது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவர் சொன்ன காலம் முடிந்துவிட்டால் மீதமுள்ள லோஷனைப் பூச வேண்டாம். கொப்புளங்கள் மீண்டும் வந்தால் பழைய புட்டியை எடுக்காமல் நேரில் காட்டுங்கள். ஒரே அளவிலான, அரிக்கும் கொப்புளங்கள் என்றால் மலசீசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் அதை அடக்காது, சில நேரம் பெருக்கியும் விடும். சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தால் ஐயம் தீரும். கொப்புளம் ஆறிய இடத்தில் தோல் வழவழப்பாகி, மயிர்க்கால் வாயே தெரியாமல் போயிருந்தாலோ, ஒரே துளையிலிருந்து பொம்மையின் தலையில் இருப்பதுபோல் ஐந்தாறு முடிகள் கொத்தாகக் கிளம்பினாலோ தாமதிக்க வேண்டாம். அது தழும்பை விட்டுச்செல்லும் வேறு வகை மயிர்க்கால் அழற்சி. அங்கே ஆன்டிபயாடிக்தான் முதல் மருந்து, பெரும்பாலும் உள்ளே சாப்பிடும் மாத்திரையாக. மினாக்சிடில் திரவத்தில் இருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் சிலருக்குத் தலைத்தோலை உறுத்தும். கொப்புளங்கள் மினாக்சிடில் பூசும் இடத்தில் மட்டும் வருகின்றனவா என்று கவனியுங்கள். அப்படியானால் அது இல்லாத நுரை வடிவத்துக்கு மாறலாமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள்; போகும்போது இப்போது பூசும் புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.